ரெக்சன் வைத்த பேங்காக் குழம்பு

வாத்தியார் வேலையில் மனுஷனுக்கு ஒரு சுகம் உண்டென்றால் அது மே மாதம்தான். வருடம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்குக் கடவுள் கொடுக்கிற கூலி அது. அந்த வருடம் என் மனைவி கிரேஸி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உவரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பாளையங்கோட்டையில் நானும் என் சாய்வு நாற்காலியும் மட்டும். சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே தங்கை டெல்பின் வீடு. காலையில் பேப்பர், மத்தியானம் டெல்பின் கையால் மீன்குழம்பு, அப்புறம் ஒரு தூக்கம். லீவு இப்படியே ஓடிவிடும் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. டெல்பினின் புருஷன் ரெக்சன் கப்பலில் இருந்து வந்து இறங்கிவிட்டான்.

ரெக்சன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, ஒரு குறையும் இல்லை, இவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொல்லி, ஒரு மாத்திரைகூட எழுதித் தராமல் அனுப்பிவிட்டாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற பெண்கள் "விசேசம் ஏதும் உண்டா" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே டெல்பின் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்பிவிடுவாள். கூடப் பிறந்தவன் எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கும்.

அதனால் ரெக்சன் வந்த மறுநாள் சொன்ன செய்தியைக் கேட்டு என் வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது.

"இனிமே கப்பலுக்குப் போறதா இல்ல மச்சான். இங்கனயே ஒரு ஹோட்டல் போடலாம்னு இருக்கேன்."

"நல்ல காரியம் மாப்ளே. என்ன ஹோட்டல், புரோட்டாவா பிரியாணியா?"

"ரெண்டும் இல்ல. பேங்காக் சாப்பாடு."

வார்த்த பால் அப்போதே திரிந்துவிட்டது.

அவன் கதையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவனைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அப்பா பேர் சிலுவை, கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். இவனுக்கு அலை ஆகாது, கரையை விட்டால் குடல் வாய்க்கு வரும். அப்படிப்பட்டவன்தான் வீட்டுக் கஷ்டத்துக்குக் கப்பலில் பாத்திரம் கழுவப் போனான். கோவாக்காரர் ஒருவரிடம் திட்டு வாங்கி வாங்கிச் சமையல் பழகினான். ஆபீசர்களுக்குக் கட்லெட்டும் பருப்பும் வைத்தே வருடங்கள் போயின. ஒருநாள்கூட ஒருவனும் 'இது ரெக்சன் கை' என்று சொன்னதில்லை என்பது அவன் மனக்குறை. போன வருடம் கப்பல் பழுதாகி பேங்காக்கில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. இவனுக்கு வேலையில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"காலைல எந்திச்சதும் சந்தைக்குப் போயிருவேன் மச்சான். வாய்க்கால்ல வள்ளத்துலயே அடுப்ப வச்சிச் சமைச்சு விக்கான். கையில ஒரு கிண்ணத்த வாங்கிக் குடிச்சுக்கிட்டே பைய நடப்பேன். அடுத்த கடையில வேற ஒண்ணு. ஏதுடா இது, என்னத்தப் போட்டிருக்கான்னு மோந்து பாத்துக்கிட்டே நடப்பேன். பொழுது போறதே தெரியாது. எம் ஆயுசுல அப்படி நிம்மதியா இருந்ததில்ல."

டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றது.

"அப்ப இங்கன வந்து இருந்ததெல்லாம் நிம்மதி இல்லையா?"

அவள் கேட்டதே ரெக்சன் காதில் ஏறியிருக்காது. அவன் கண்ணெல்லாம் அந்த வாய்க்காலில் கிடந்தது.

சமாதானபுரத்தில் புரோட்டாக் கடை வைத்திருந்த அசன் மைதீன் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர் மகன் என்னிடம் படித்தவன். கடையின் மாடி சும்மாதான் கிடந்தது. ரெக்சனைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு நியாயமாகத்தான் பேசினார்.

"சார்வாள் சொல்லுதிய, தட்ட முடியுமா. ஒருநாள் வச்சுக் காட்டச் சொல்லும். நாக்குக்குப் பிடிச்சா மாடிய எடுத்துக்கிடட்டும், கூட்டா நடத்துவோம். பிடிக்கலேன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. எங்கிட்ட சால்னா போட ஆள் இல்ல. கீழ நின்னு அதப் போடட்டும்."

வெளியே வந்ததும் ரெக்சனுக்கு மூக்கு விடைத்தது. "சால்னாவா? உலகம் சுத்துனவன் நான்" என்றான். வீட்டில் டெல்பினிடம் சொன்னபோது அவள் கண் பளிச்சென்றது. "சால்னாதான் போடுங்களேன். ராத்திரி வீட்டுக்கு வந்திரலாம்லா" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். மாடியோ கீழேயோ, அவளுக்கு எல்லாம் ஒன்று. ஆனால் கெட்டதை அவன் கேட்பானே தவிர நல்லதைக் கேட்கமாட்டான். அவன் லீவு முடிகிற சமயம், கப்பலுக்கு ஆள் எடுக்கிற தூத்துக்குடி ஏஜெண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவார், அதற்குள் மாடி கிடைத்தால் கப்பல் வேண்டாம், கிடைக்காவிட்டால் பம்பாய்க்கு ரயில் ஏறுவது என்று முடிவு கட்டிவிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பேங்காக் சாமானெல்லாம் நம்ம ஊரிலேயே வேறு பேரில் இருக்கிறது, தேடிப் பிடித்தால் போதும் என்று ஆரம்பித்தான். அக்னி நட்சத்திர வெயிலில் சைக்கிளில் ஏற்றியும் பஸ்ஸில் திணித்தும் என்னை ஊர் ஊராக இழுத்தான். அவனுக்கு அது உல்லாசம். பேங்காக்கில் நடந்த மாதிரியே கையை வீசிக்கொண்டு, கடைக்குக் கடை நின்று, கிள்ளி மோந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்து நடந்தான். குடை பிடித்துக்கொண்டு பின்னால் போன எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

பாளை மார்க்கெட்டில் கொத்தமல்லியை வேரோடு கேட்டான். "வேர அறுத்துப் போட்டுட்டுத்தான் எல்லாரும் வாங்குவாவ, ஒமக்கு வேரு மட்டுமா வேணும்" என்று காய்க்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். டவுனில் பூக்கடைக்குப் போய்த் திருநீற்றுப் பச்சிலை கேட்டான். மாலையில் வைத்துக் கட்டுகிற இலை. எந்தச் சாமிக்கு என்று பூக்காரர் பக்தியோடு விசாரித்தார். "இறாலுக்கு" என்று ரெக்சன் சொல்லிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவரைக்கும் நிற்காமல் நடந்தேன்.

திசையன்விளைக்குப் போனது கருப்பட்டிக்கு. கருப்பட்டி பாளையில் கிடைக்காதா என்றால், பதம் சரியில்லையாம். ஒவ்வொரு வியாபாரியிடமும் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனான். ஒருவர் பொறுமை இழந்து, "அண்ணாச்சி, வாங்குறதுக்கு வந்தியளா, காலச் சாப்பாட்டுக்கு வந்தியளா" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனசிலும் இருந்தது. பாபநாசத்துக்குப் போய், எலுமிச்சை மணக்கிற வாசனைப் புல்லை ஒரு புதராகவே தோண்டி, ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினான். கண்டக்டர் மாட்டுக்கா என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். சேரன்மகாதேவியில் ஒரு தோட்டத்துக்காரரிடம் நாரத்தை இலை கேட்டபோது, "காய் வேண்டாமா, இலை மட்டுமா" என்று அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ மந்திரம் மாயம் செய்கிற கூட்டம் என்று நினைத்திருப்பார் போல. நாங்கள் ரோட்டில் ஏறும்வரை வேலியிலேயே நின்றுகொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளி வாத்தியார் நான், அந்த வேலி ஓரமாகத் திருட்டுப் பயல் மாதிரி இலைக்கட்டோடு நடந்தேன்.

கடைசிச் சாமான்தான் முக்கியம் என்றான். இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, அது இல்லாவிட்டால் அந்தக் குழம்பே இல்லை. எங்கெங்கோ விசாரித்து, அது நம்ம சித்தரத்தைதான் என்று கண்டுபிடித்தான். அங்கே பச்சையாக, இளசாகக் கிடைக்குமாம். இங்கே டவுனில் நாட்டு மருந்துக் கடையில் இருந்தது காய்ந்து கட்டையாகிப்போன சித்தரத்தை. கடைக்காரர் சிவசண்முகம் பிள்ளை எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

"பிள்ள பெத்தவளுக்கா, சளிக்கா?"

"குழம்புக்கு" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு திப்பிலியும் போட்டுக்கிடுங்க" என்று அவராகவே பொட்டலத்தில் சேர்த்துக் கட்டினார்.

அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பசி.

இதற்கிடையில் என் சாப்பாடு போன கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்பின் அடுப்பு ரெக்சன் கைக்குப் போய்விட்டது. குழம்பில் உப்புக்குப் பதிலாக ஊற்ற, நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து வடிகட்டி பாட்டிலில் பிடித்து வைத்தான். அந்த வாடைக்குத் தெருப் பூனை முழுக்க டெல்பின் வீட்டுச் சுவரில் குடியேறிவிட்டது. ஒத்திகை என்று சொல்லி தினம் ஒரு சட்டி குழம்பு. தேங்காய்ப்பால், இறால், பூண்டு, ஊசி மிளகாய், கருப்பட்டி, புல், இலை, எல்லாவற்றுக்கும் மேலே சித்தரத்தை. முதல் வாய் எடுத்ததும் எனக்குச் சின்ன வயதில் சளி தடுமல் பிடித்தபோது, மூக்கைப் பிடித்து வாயில் கஷாயம் ஊற்றினார்களே, அது ஞாபகம் வந்தது. "எப்படி மச்சான்?" என்று கண்ணை விரித்துக் கேட்டான். "தொண்டைக்கு நல்லது மாப்ளே" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

டெல்பின் அப்போதெல்லாம் குழம்பை வாயில் வைக்கவே மாட்டாள். அவளுக்குக் கோபம். லீவு முழுக்க அவன் சந்தையிலும் பஸ்ஸிலும் கிடந்தான், அவளை ஒருநாள் தாமிரபரணிக் கரைக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. என்னிடம் ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"அண்ணே, கப்பல்ல இருக்கும்போதாவது வருவாருன்னு இருக்கும். இப்ப வீட்டுக்குள்ளயே இருக்காரு, ஆனா வரல."

இருவருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

குறித்த நாளில் அசன் மைதீன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கூடவே மனைவி மஹ்மூதா பீவியையும் அழைத்து வந்திருந்தார். கடை மசாலாவுக்கு ருசி சொல்வது அந்த அம்மாள்தானாம். டெல்பினை அந்த அம்மாள் அதற்கு முன் பார்த்ததில்லை. ரெக்சன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்தே அடுப்படியில் நின்றான். குழம்பு கொதித்து, மணம் வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 

மஹ்மூதா பீவி வாசற்படியில் கால் வைத்ததும் நின்று மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிய வேகத்தில் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்து ஒரு நோட்டை உருவினார். நேராக டெல்பினிடம் வந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.

"எங்க வீட்டுக்காரவொ ஒண்ணுமே சொல்லல பாரேன். பேறாகி எத்தன நாளாச்சும்மா? நீ ஏன் எந்திச்சு நிக்கே, போய்ப் படு. பிள்ள எங்க, உள்ள தூங்குதா?"

பிள்ளை கையில் வைக்க எடுத்த நோட்டோடு உள்ளறைக் கதவைப் பைய, சத்தம் வராமல் தள்ளினார். பிள்ளை விழித்துவிடக் கூடாது என்று. உள்ளே கட்டிலும் ரெக்சனின் கப்பல் பெட்டியும் இருந்தன.

டெல்பின் நின்ற இடத்திலேயே நின்றாள். "பிள்ள இல்லக்கா" என்றாள். "குழம்பு வச்சிருக்கு. அந்த மணந்தான்."

மஹ்மூதா பீவிக்கு முகம் செத்துவிட்டது. நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கைக்குள்ளேயே கசக்கிக்கொண்டார். எனக்கு அந்தச் சட்டியை எடுத்துத் தெருவில் போட்டு உடைக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. பேங்காக்கையும் சேர்த்துத்தான். ரெக்சன் அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வந்து இலை போட்டான்.

அசன் மைதீன் நல்ல மனுஷர். நிதானமாகச் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"கைப்பக்குவம் இருக்குவே. அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சித்தரத்தையும் பூண்டும் கருப்பட்டியும் ஒண்ணாச் சேந்தா, இந்தச் சீமையில மூக்கு உள்ள எவனுக்கும் ஒரே ஒரு நெனப்புத்தான் வரும். நாலு பிள்ளைக்கும் எங்க வீட்டுல அரைச்ச மருந்து. வாயில வச்சதும் தொட்டில் கயிறு ஆடுத மாதிரி இருக்கு. பெத்தவ குடிக்கதக் குடிக்க ஆம்பள எவன்வே கடைக்கு வருவான்?"

ரெக்சன் குனிந்து எச்சில் இலைகளை எடுத்தான்.

"சால்னா வேலை அப்படியேதான் இருக்கு" என்றார் பாய். "நாளைக்கே வந்தாலும் சரி."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கப்பலுக்கே போறேன்" என்றான் ரெக்சன்.

அவர்கள் போனதும் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கௌரவம் சோறு போடுமா, என் தங்கச்சி என்ன பாவம் செய்தாள், சால்னாவுக்கு என்ன குறைச்சல், அதைத் தொட்டுத் தின்னாத நாக்கு இந்தப் பாளையங்கோட்டையில் உண்டா என்று கேட்டேன். அவன் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டெல்பின் குறுக்கே வந்து, "போதும் அண்ணே" என்றாள்.

பிறகு அவள் அடுப்படிக்குப் போனாள். மிச்சக் குழம்பு சட்டியில் பாதிக்கு இருந்தது. ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி, எங்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, சோறு ஒன்றும் போடாமல் குடிக்க ஆரம்பித்தாள். அத்தனை நாளாக வாயில் வைக்காதவள். ஒரு கிண்ணம் முடிந்ததும் இன்னொன்று ஊற்றிக்கொண்டாள்.

ரெக்சனுக்குப் பொறுக்கவில்லை. "பிடிக்காம எதுக்குக் குடிக்க. கொட்டிரு டெல்பின்."

"கொட்டவா?" என்றாள். "ஏழு வருசமா இந்த மருந்த எனக்கு எவ வச்சுத் தருவான்னு இருந்தேன். நீங்களே வச்சுத் தந்திட்டிய. பிள்ளதான் இல்ல."

அழவில்லை. கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாள். ரெக்சன் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே இருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் பகலில் பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். தூத்துக்குடி ஏஜெண்டு லைனில் வந்தாராம், இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிடுவாராம். ரெக்சன் என் வீட்டு வழியாகத்தான் போனான். விட்ட இடத்திலிருந்து திட்டலாம் என்று நானும் கூடவே போனேன். வழி முழுக்கத் திட்டினேன். பம்பாய்க்கு ரயில் ஏற்றிவிட என்னைக் கூப்பிடாதே என்றேன். அவன் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

பூத்துக்குள் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. மணி அடித்ததும் அவன் உள்ளே போய் எடுத்தான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவன் பேசுவது மட்டும் கேட்டது.

"ரெக்சன்தான் சார். சொல்லுங்க."

"சிங்கப்பூர்ல இருந்தா சார். பெரிய கப்பல்தான். தெரியும் சார்."

ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டான்.

"இல்ல சார். இப்ப வர முடியாது. வீட்டுல பேறுகாலம்."

நான் பெஞ்சில் இருந்து எழுந்துவிட்டேன்.

"தேதி இன்னும் ஆகல சார்" என்றான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நான் பக்கத்துலயே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆமா சார். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

வெளியே வந்து சட்டையால் முகத்தைத் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், பாய் கடையில சால்னாவுக்கு எப்ப அடுப்பு பத்த வைப்பாவ?"

"சாயந்தரம் மூணு மணிக்கு வைப்பாவன்னு நினைக்கேன்" என்றேன்.

"அப்ப வீட்டுக்குப் போயிட்டுப் போறேன். அவகிட்ட சொல்லணும்லா" என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் வேகமாக நடந்தான்.